செல்லம்மாளின் தாய்

புதுமைப்பித்தன் கதைகளுள் மனப்பேதலிப்பைச் சொல்லும் கதை எது என்று கேட்டால், நம் வாசகருள் பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் 'காஞ்சனை' என்பர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே சொல்லி வந்தோம். அண்மையில் அக்கதையையும், அதே 1943ஆம் ஆண்டில் அதே 'கலைமகள்' இதழில் வெளிவந்த 'செல்லம்மாள்' கதையையும் அடுத்தடுத்து வாசிக்க நேர்ந்தபோது, அந்த விடையைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தத் திருத்தத்தின் காரணத்தையே இங்கு எழுத முற்படுகிறோம்.

'காஞ்சனை'யை நினைவூட்ட நெடிய முன்னுரை வேண்டியதில்லை. கதையைச் சொல்பவர் ஓர் எழுத்தாளர். உறக்கம் பிடிக்காத ஓர் இரவில் நறுமணமும் துர்நாற்றமும் மாறி மாறி வந்து அவரை அலைக்கழிக்கின்றன. பின்னர், வாசலில் வந்து நின்ற பிச்சைக்காரி ஒருத்தியை அவருடைய மனைவி வீட்டு வேலைக்கு அமர்த்திக்கொள்கிறாள். மனைவியின் கண்ணுக்கு அவள் கைக்கு உதவியாக வந்த ஒருத்தி. கணவருக்கோ அவள் மனுஷிதானா என்பதே ஐயம். ஆவி உண்மையா, அயர்ந்த மூளையின் தோற்றமா என்ற கேள்வியைக் கதை கடைசி வரியிலும் அவிழ்ப்பதில்லை. அந்த அவிழாமையே அதன் சுவை. ஆனால், அச்சுவையை அருந்தி முடித்த பின் நம் கையில் எஞ்சுவது என்ன? ஒரு புதிர். மிகத் திறமையாகப் போடப்பட்ட புதிர்தான், எனினும் புதிரே. அஞ்சி நடுங்கும் அந்த மனிதருக்காக நாம் ஒரு கணமேனும் வருந்துவதில்லை. அவருடைய அச்சத்தை நாம் இரசிக்கிறோம்.

இந்த இரசனைக்கு இந்நாளில் வேறொரு கூட்டாளியும் கிடைத்திருக்கிறது. உளமருத்துவ நூல்களிலிருந்து அரிய நோய்களின் பெயர்களை எடுத்துக் கதைமாந்தர்க்குச் சூட்டும் வழக்கத்தைச் சொல்கிறோம். இலக்கியக் கூட்டங்களில் இது பெருகி வருகிறது. பெயர்கள் கவர்ச்சியானவை என்பதை மறுப்பதற்கில்லை. 1880இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் ழூல் கோத்தார் ஒரு பெண்மணியைப் பற்றி அறிவித்தார். தனக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை, வயிறு இல்லை, தோலும் எலும்புமே உண்டு என்று அவர் உறுதியாக நம்பினார். கடவுளும் இல்லை, அலகையும் இல்லை என்றார். உண்ணாமலே என்றென்றும் வாழ்ந்திருப்பேன் என்றார். இறக்க முடியாமையைத் தண்டனையாகச் சுமந்த அந்தப் பெண்மணியை நினைக்கையில் நமக்கு நரகத்தைப் பற்றிய மறையுரைகள் பல நினைவுக்கு வருகின்றன. 1923இல் யோசேப் கப்கிரா என்னும் மருத்துவர், ரெபூல்-லஷோ என்பவருடன் சேர்ந்து மற்றொரு பெண்மணியின் நிலையை எழுதினார். தன் கணவரும் பிள்ளையும் அகற்றப்பட்டு, அவர்கள் சாயலே கொண்ட அயலார் அவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளனர் என்பது இவருடைய நம்பிக்கை. முகம் அதே முகந்தான், குரலும் அதுவே. ஆனால் ஆள் அவர் அல்லர்!

இப்பெயர்களைக் கற்பதில் பிழை ஒன்றும் இல்லை. பெயரோடு நின்றுவிடுவதே பிழை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவரான நம் நாட்டு அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், பெயரோடு நிற்காதவர்களுள் ஒருவர். அவரும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞரைப் பற்றியது. பெற்றோரை நேரில் கண்டால் இவர்கள் போலிகள் என்பார் அவர். தொலைபேசியில் அவர்கள் குரலைக் கேட்டாலோ ஐயமின்றி உறவு கொண்டாடுவார். முகத்தை அடையாளம் காணும் வழி ஒன்று, அம்முகத்தைக் கண்டவுடன் நெஞ்சில் எழும் நெகிழ்ச்சிக்கான வழி வேறொன்று. முன்னது பழுதின்றி இருக்கப் பின்னது அறுபட்டுப் போனால், தாயைக் கண்டும் உள்ளம் அசையாது. அசையாத உள்ளம் அதற்கொரு காரணம் தேடுகிறது; 'இவள் தாய் போன்றவள், தாய் அல்லள்' என்று முடிவு கட்டுகிறது. எல்லிஸ், யங் ஆகிய இருவர் 1990இலேயே இத்தகைய விளக்கத்தை முன்வைத்திருந்தனர். இது கப்கிராவின் நோய் முழுமைக்கும் போதுமான விளக்கமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. உள்ளம் அசையாவிட்டால் திகைக்கலாம். போலி என்று ஏன் நம்ப வேண்டும், நம்பியதை ஏன் விடாது பற்ற வேண்டும் என்ற கேள்வி எஞ்சத்தான் செய்கிறது. இருப்பினும் ஒரு செய்தி நமக்குப் பயன்படும்: ஒருவரை 'இன்னார்' என்று அறிவதில் கண்ணுக்குரிய பங்கு பாதிதான்.

நம் மொழியில் இதற்குப் பழைய சொற்கள் உண்டு. கயிற்றைப் பாம்பெனக் கொள்வதைக் கயிற்றரவு என்றனர். புதுமைப்பித்தன் தம் இறுதிக்காலக் கதையொன்றுக்கு அதனையே தலைப்பாக்கினார். வள்ளுவர், மெய்யுணர்தல் என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே, பொருளல்லாதவற்றைப் பொருளென்று கொள்ளும் மருளைப் பேசுகிறார். ஆனால் கயிற்றரவுக்கும் இங்கே நாம் பேசும் மருளுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. விளக்கைக் கொண்டுவந்தால் கயிறு கயிறாகிவிடும். மருண்ட நம்பிக்கையோ விளக்கொளிக்கு அசைந்துகொடுப்பதில்லை. கொண்டுவந்த விளக்கையும், சில வேளை கொண்டுவந்தவரையும், தனக்குச் சான்றாக்கிக்கொள்ளும். வாதத்தால் அதனை வெல்ல முயன்ற குடும்பத்தார் எத்தனை பேர் தோற்றுத் தளர்ந்திருக்கின்றனர்!

தாமிரவருணிக் கரையில் வாழும் நமக்கு இச்செய்திகள் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்தின் மகுட ஒலிக்கு அருள்வந்து ஆடும் கோமரத்தாடியை நாம் சிறுவயது முதல் கண்டிருக்கிறோம். கால்டுவெல் 1849இல் நெல்லைச் சான்றோர் மக்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இவ்வாட்டத்தை விரிவாக எழுதினார்; அந்நூல், எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களையே புண்படுத்தியது. அவர் பேய் வழிபாடு என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டதை இன்றைய மருத்துவம் அவ்வளவு எளிதில் அடக்குவதில்லை. ஒரு சமூகம் முழுவதும் ஏற்றுப் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கையை நோயெனக் கொள்ளலாகாது என்பது இன்று மருத்துவரே வகுத்துக்கொண்ட வரையறை. கொடை முடிந்து மறுநாள் விடியலில் வயலுக்குச் செல்பவர் நோயாளி அல்லர். கொடை முடிந்த பின்னும் இறங்காத ஒன்று எவரிடம் இருக்கிறதோ, அவரே நம் கவலைக்குரியவர்.

அத்தகையோரை நம் மக்கள் எங்கே கொண்டு செல்கின்றனர் என்பதும் நாம் அறிந்ததே. பள்ளத்தாக்கின் பசுமை முடிந்து கரிசல் தொடங்கிய பின், வடக்கே, பாளையங்கோட்டை மறைமாவட்டத்தைச் சார்ந்த புளியம்பட்டித் தூய அந்தோணியார் திருத்தலம் இருக்கிறது. எல்லாச் சமயத்தாரும் அங்கு வருகின்றனர். வந்தவருள் பலர் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தங்கிவிடுகின்றனர். பிரிஜித் செபஸ்தியா என்னும் பிரெஞ்சு மானிடவியலாளர் அத்தலத்தைப் பல காலம் ஆய்ந்து 2007இல் நூல் ஒன்றை வெளியிட்டார். பேய் என்று சொல்லி அழைத்துவரப்படுவோருள் மனநோயுற்றோரும் பலர் என்பது அங்கே சில இரவுகள் தங்கிப் பார்த்த எவருக்கும் புரியும். திருச்சபையின் மரபு இதனை அறியாதது அன்று. 1614ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூல், பேயோட்டுவோருக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கையே எளிதில் நம்பிவிடக் கூடாது என்பதுதான். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஆயரின் வெளிப்படையான, தனிப்பட்ட ஒப்புதலின்றி எவரும் பேயோட்டலாகாது என்கிறது. 1999இல் வெளிவந்த திருத்திய சடங்கு நூல் மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் பணிக்கிறது. நூலில் இருப்பதெல்லாம் நடையில் இருக்கிறதா என்று கேட்பவரிடம் நாம் சண்டைக்குப் போவதற்கில்லை.

இனிச் 'செல்லம்மாள்' கதைக்கு வருவோம். பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு துணிக்கடைச் சிப்பந்தி. சம்பளம் சொற்பம், அதுவும் முதலாளியின் மனம்போலத்தான். அவர் மனைவி செல்லம்மாள் தீராத நோயாளி. பிள்ளை இல்லை, உற்றார் இல்லை. தெற்கே ஊருக்குப் போய்வர வேண்டும் என்பது இருவருக்கும் ஓயாத ஏக்கம். அவர்களுடைய பேச்சில் தாமிரவருணிக் கரையின் வாடை வீசுகிறது. நெல்லை வண்ணாரப்பேட்டையை விட்டுச் சென்னையில் காலந்தள்ளிய ஆசிரியர்க்கு அந்த ஏக்கத்தைக் கற்பனை செய்யவேண்டிய தேவை இருந்திருக்காது. கதை செல்லம்மாளின் மூச்சு அடங்கும் இடத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. ஆதலால், அவள் பிழைப்பாளா என்ற பதைப்பு வாசகனுக்கு இல்லை. ஆசிரியர் அந்தப் பதைப்பை வேண்டுமென்றே முதல் வரியிலேயே எடுத்துவிடுகிறார். எஞ்சுவது, அவளருகே இருந்த ஒருவர் அந்த நாள்களை எவ்வாறு கழித்தார் என்பது மட்டுமே.

நோய் முற்றி நினைவு தடுமாறும் வேளைகளில் செல்லம்மாளுக்குத் தன் தாய் வந்திருப்பதாகத் தோன்றுகிறது. தாயோ முன்பே இறந்துபோனவள். ஓர் இரவில், அருகிருந்து பணிவிடை செய்யும் கணவரையே தாயென்று கொண்டு, எப்போது வந்தாய் என்று கேட்கிறாள். பிள்ளை ஒரு கணமும் தாமதிக்காமல் தாயாகவே விடை பகர்கிறார். அடுத்து அவள் முறையிடத் தொடங்குகிறாள். தன்னைக் கட்டிக் கட்டிப் போட்டுவிட்ட ஒரு துரோகியைப் பற்றிய முறையீடு அது. அந்தத் துரோகி வேறெவரும் அல்லர், கணவர்தாம். தாயாக அமர்ந்திருப்பவர் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தமிழ்ச் சிறுகதையில் இதற்கு இணையான இன்னொரு கட்டத்தை நாம் கண்டதில்லை. மேலே சொன்ன மருத்துவ விளக்கத்தோடு ஒப்பிட்டால் இதன் நுட்பம் இன்னும் துலங்கும். கப்கிராவின் நோயாளிக்கு முகம் இருக்கிறது, உறவு போய்விட்டது. செல்லம்மாளுக்கோ உறவு வந்துவிட்டது, முகம் பொருட்டாகவில்லை. நெற்றியைத் தடவும் கை, இருட்டில் விழித்திருக்கும் ஓர் ஆள், மெல்லப் பேசும் குரல் ஆகிய இவை அவளுக்குத் தாய் என்ற பொருளையே தருகின்றன. ஆகவே அங்கே இருப்பவர் தாய். நம் குடும்பங்களில் ஒரு பெண் நோயுற்றுக் கிடக்கையில் இவ்வாறு பணிவிடை செய்ய வேறு யார் வருவர்? கணவன் என்ற சொல்லுக்கு அவள் வாழ்வு கற்பித்த பொருள் வேறு. ஊரைவிட்டு அழைத்துவந்தவன், ஒண்டுக்குடித்தனத்தில் வைத்தவன், நாள் முழுதும் கடையிலிருந்து திரும்பாதவன். ஆக, ஒரே மனிதர் அவளுக்கு இரண்டாகப் பிரிந்துவிடுகிறார். அருகிருக்கும் கை தாயினுடையது, கட்டிப்போட்டது கணவன். பித்தின் பிதற்றலாகக் கேட்கும் அந்தக் குற்றச்சாட்டில் ஓர் உண்மை இருக்கிறது. அவளை எவரும் கயிற்றால் கட்டியிருக்க வேண்டியதில்லை. வறுமையும் நோயும் சென்னையின் நான்கு சுவர்களும் கட்டியிருக்கின்றன.

செல்லம்மாளுடையது சன்னி, உடல்நோய் மூளையைக் கலக்கியதால் வந்து வந்து போவது. கப்கிரா எழுதிய நிலைத்த நம்பிக்கையோடு இதனை ஒன்றாக்கிவிடக் கூடாது என்று மருத்துவ நண்பர் எவரேனும் நம்மைத் தடுக்கலாம். ஒப்புக்கொள்கிறோம். முதுமையின் மறதி நோயிலும், சன்னியிலும், நெடுநாள் மனநோயிலும் ஆள்மாறாட்ட மயக்கம் தோன்றுவதுண்டு. காரணமும் மருந்தும் வேறு வேறு. ஆனால் படுக்கையருகே இருப்பவருக்கு எழும் கேள்வி எல்லாவற்றிலும் ஒன்றே: இப்போது நான் என்ன விடை சொல்வது?

பிரமநாயகம் பிள்ளை சொன்னது பொய்தானே என்று கேட்பவர் உண்டு. கேட்பவரை நாம் எள்ளி நகையாட மாட்டோம். தூய அகுஸ்தீனாரே அவர்கள் பக்கம் நிற்கிறார். பொய்யை மறுத்து அவர் ஏறத்தாழ 420இல் எழுதிய நூலில் ஒரு நோயாளியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். சாவின் விளிம்பில் கிடக்கும் அவருடைய ஒரே மகன் இறந்துவிட்டான். அது அவருக்குத் தெரியாது. மகன் உயிரோடு இருக்கிறானா என்று அவர் கேட்கிறார். 'இருக்கிறான்', 'இறந்துவிட்டான்', 'அறியேன்' என்னும் மூன்றுக்கு மேல் விடை இல்லை. இவற்றுள் இரண்டு பொய்; மூன்றாவது அவரைக் கொன்றுவிடும். இந்த இடத்தில் தம் நெஞ்சம் கலங்குவதை அகுஸ்தீனார் மறைக்கவில்லை. கலங்கிய பின்னும், பொய் கூடாது என்ற முடிவிலிருந்து அவர் இறங்கவும் இல்லை.

அவருடைய கலக்கத்தை மதித்தே ஒன்று சொல்லத் துணிகிறோம். அந்த நோயாளி ஒரு செய்தியைக் கேட்கிறார். செல்லம்மாள் செய்தி எதையும் கேட்கவில்லை. தாய் இருக்கிறாளா என்பது அவளுக்கு வினாவே அன்று. அவள் தாயோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அங்கே பிள்ளைக்குத் திறந்திருப்பவை இரண்டே வழிகள்: அழைத்த குரலுக்கு 'நான் அல்லேன்' என்று அவளை இருட்டில் தனியே விட்டு விலகுவது, அல்லது அழைப்புக்கு ஆளாவது. மேலும், பொய் சொல்பவன் அதனால் எதையேனும் காத்துக்கொள்வான். இவரோ தம்மைத் துரோகி என்று சொல்வதைக் கேட்டும் மறுத்துரைக்கும் உரிமையை இழந்து அமர்ந்திருக்கிறார். தாயாக இருக்கும் வரையில் கணவனுக்காக வழக்காட முடியாது அன்றோ!

இக்கதையைப் பற்றி ஒருமுறை நண்பர்களிடையே பேசிக்கொண்டிருந்தபோது, பல ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்த அம்மையார் ஒருவர் நம் உற்சாகத்துக்குக் கடிவாளமிட்டார். இரவில் சொன்ன விடை சரி, காலையில் தெளிவு வந்து அவளே கேட்டால் என்ன சொல்வார் என்றார் அவர். சன்னியில் கணவரைத் தாயென்பவளுக்கு உடன்படலாம். சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்று நெடுநாளாய் நம்புகிறவனுக்கு ஆமாம் என்று உடன்பட முடியுமா என்றும் கேட்டார். நியாயமான கேள்விகள். நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காதீர், அதற்கு நெய்யும் ஊற்றாதீர், அதன் அடியிலுள்ள அச்சத்துக்கு விடை சொல்லுங்கள் என்பதே இன்று உளமருத்துவர் பலர் குடும்பத்தாருக்குக் கூறும் அறிவுரை. முதியோர் மறதி நோயில் அமெரிக்கரான நவோமி ஃபைல் வகுத்த முறையும் முதியவரைத் திருத்துவதை விட்டு, அவர் உணர்வின் உண்மையை ஏற்கச் சொல்கிறது. பிள்ளை இந்நூல்களைக் கற்றவர் அல்லர். அவருடைய விடை எல்லா நோய்க்குமான மருந்துச் சீட்டும் அன்று. மருந்து வேண்டிய இடத்தில் மருந்துதான் வேண்டும். புதுமைப்பித்தனும் அவரை மருத்துவராக்கவில்லை, புனிதராக்கவும் இல்லை. மனைவி இறந்ததும் பிள்ளையின் உள்ளத்தில் பளு இறங்கியது போன்ற ஓர் ஆறுதலும் உண்டாவதை மறைக்காமல் எழுதுகிறார். இந்த நேர்மை இல்லையேல் அந்த இரவுக் காட்சி வெறும் உருக்கமாகப் போயிருக்கும்.

கட்டிப்போட்டான் என்ற செல்லம்மாளின் சொல்லை இன்று வாசிக்கையில் வேறொன்றை நினைக்காதிருக்க இயலவில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களுள் 28 பேர் தப்ப வழியின்றி வெந்து மடிந்தனர். சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் தடை செய்கிறது. அன்று இறந்தவர்களும் தங்களைக் கட்டிப்போட்டவர்களைப் பற்றி எவரிடமேனும் முறையிட்டிருப்பர். பிதற்றல் என்றே அது கேட்கப்பட்டிருக்கும்.

'காஞ்சனை'யைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. கதைத் தொழிலில் அது மேம்பட்டதாகவே இருக்கலாம். திருத்தலங்களின் முன்றிலில் இரவு நேரத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஆடி அரற்றிக் களைத்து உறங்குகிறவரின் பாய்க்கருகே உறங்காத ஒருவர் எப்போதும் அமர்ந்திருப்பார். தாய், மனைவி, சில வேளை அண்ணன். கூட்டம் ஆடுகிறவரையே பார்க்கும். 'காஞ்சனை' பார்ப்பதும் அவரைத்தான். 'செல்லம்மாள்' கதையில் பிள்ளை விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். நினைவு தெளிந்தபோது அவள் மீண்டும் கணவரோடு பேசுகிறாள், ஊருக்குப் போவதைப் பற்றியும், பொங்கலைப் பற்றியும். இரவில் துரோகி என்றாயே என்று அவர் கேட்பதில்லை. கடையிலிருந்து அவளுக்காகப் புடவைகளை எடுத்துவருகிறார், எது பிடிக்கிறது என்று பார்த்துச் சொல்ல.